துண்டு போட்டவர்களும் பந்தல் போட்டவர்களும்

திருவனந்தபுரத்தில் ஓணம் வாரவிழாவின் நிறைவு ஊர்வலம் முடிந்த மறுநாள், படித்தவர்கள் கூடும் இடங்களில் ஒரே பேச்சுத்தான் புழங்கும்: மக்களுக்குப் பொது ஒழுங்கு தெரியவில்லை. பிற்பகலிலேயே நடைபாதையில் செய்தித்தாளை விரித்துவிடுகிறார்கள். வராதவருக்கும் சேர்த்துத் துண்டு போட்டு வைக்கிறார்கள். ஒரு குடையை நட்டுவிட்டு ஐந்து பேருக்கு இடம் என்கிறார்கள். பொதுச் சாலையைத் தம் வீட்டுத் திண்ணையாக எண்ணிக்கொள்கிறார்கள். இந்தக் குறையைச் சொல்வோர் அதே சாலையில், அதே மாலைக்காக, அரசுச் செலவில் எழுப்பப்படும் முக்கியப் பிரமுகர் பந்தலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. துண்டு ஆக்கிரமிப்பாம், பந்தல் ஏற்பாடாம். பண்பாட்டு ஆய்வில் பட்டம் பெற்றோரும் பெறவிருப்போரும் இந்த இரட்டை வழக்கில் பங்குபெறுவது வியப்புக்குரியது அன்று, வெட்கத்துக்குரியது.

ஊர்வலம் பார்க்க இடம் பிடிப்பது அற்பமான காரியம் என்ற எண்ணத்திலிருந்தே இந்தப் பார்வை பிறக்கிறது. வெள்ளயம்பலத்தில் புறப்பட்டு, அருங்காட்சியகம், பாளையம், ஸ்டாச்சூ வழியாகக் கிழக்கேகோட்டை நோக்கிச் செல்லும் ஊர்வலத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருவரிடம் கேட்டால், அவர் ஒரு நிலவியலையே சொல்வார். வெள்ளயம்பலம் பக்கம் நின்றால் வெளிச்சம் மிச்சமிருக்கும். தெய்யக் கலைஞரின் முகத்தெழுத்தின் கோடுகள் தெளிவாகத் தெரியும். செண்டைக்காரரின் கை சோர்ந்திருக்காது. கிழக்கேகோட்டைப் பக்கம் நின்றால் இருட்டியிருக்கும். அலங்கார ஊர்திகளின் விளக்குகள் முழு ஒளியில் எரியும். ஆனால் ஆட்டக்காரர்கள் ஆடுவதை விட்டு நடக்கத் தொடங்கியிருப்பார்கள். பாளையத்துக்குத் தெற்கே சாலை ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுவதால் கிழக்கு ஓரத்தில் நிற்பவரின் கண்ணில் சாயும் வெயில் நேராக விழும். மேற்கு ஓரத்தில் கட்டடங்களின் நிழல் கிடைக்கும். வளைவில் நின்றால் ஊர்தி வருவதும் தெரியும், போவதும் தெரியும். சுற்றுச்சுவர்மேல் ஏறியவருக்கு உயரம் கிடைக்கும், ஆனால் இறங்கினால் இடம் போய்விடும். குழந்தையோடு வருபவர் நடைபாதையின் விளிம்புக் கல்லில் உட்கார வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பவர் முழந்தாளிட வேண்டும். அதற்கும் பின்னால் இருப்பவர் நிற்கலாம். இந்த வரிசை முறையை எந்த அதிகாரியும் வகுத்துக் கொடுக்கவில்லை. முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னாலிருந்து எழும் ஒரு குரலே அவரை உட்காரவைக்கும்.

துண்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. பேருந்தின் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இருக்கையைப் பிடிப்பது தமிழ்நாட்டில் பழமொழி அளவுக்குப் பழகிய செயல். அரசியல்வாதி பதவிக்கு முன்கூட்டியே காய் நகர்த்தினால் 'துண்டு போட்டுவிட்டார்' என்று சொல்லுமளவுக்குப் பழகியது. ஆனால் துண்டுக்குத் தனியே அதிகாரம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் 'இங்கே ஆள் உண்டு' என்று சொல்லும்வரைதான் அது செல்லும். அந்தப் பக்கத்து ஆள் முன்பின் தெரியாதவர். தண்ணீர் வாங்கப் போனவருக்காக, கழிப்பறை தேடிப் போன தாய்க்காக, முன்பின் அறியாத ஒருவர் சாட்சி நிற்கிறார். போனவர் நெடுநேரம் திரும்பாவிட்டால் அந்தச் சாட்சியம் வலுவிழக்கும். துண்டு மெல்ல மடித்து ஓரமாக வைக்கப்படும். இடம் நிற்பவருக்குப் போகும். காத்திருப்பவருக்கே இடம், காத்திருப்பை மற்றவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே இடம் என்ற இந்த நியாயம் எந்த அரசாணையிலும் எழுதப்படாதது.

இந்த நகரில் இதற்கு மாபெரும் பாடசாலை ஒன்று இருக்கிறது. ஆற்றுக்கால் பொங்காலைக்குச் சில நாள் முன்பிருந்தே தெருவோரங்களில் மூன்று மூன்று செங்கற்களாகத் தோன்றத் தொடங்கும். சிலவற்றில் பெயர் எழுதியிருக்கும். சிலவற்றைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்திருக்கும். 1997-இல் 15 லட்சம் பெண்கள், 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடினர் என்று கின்னஸ் பதிவேடு குறித்துவைத்த கூட்டம் அது. கோயிலின் அடுப்பில் தீ மூட்டிய செய்தி கிடைத்ததும் பல கிலோமீட்டர் சுற்றளவில் அத்தனை அடுப்புகளும் பற்றுகின்றன. அந்த அடுப்புகளுக்கிடையே பெண்கள் உட்கார்ந்து, எழுந்து, கிண்டி, நகர வேண்டும். நாகர்கோவிலிலிருந்து முதல்நாளே ரயிலேறி வந்தவரும், அந்தத் தெருவிலேயே வீடு உள்ளவரும் ஒரு முழ இடைவெளியில் உட்கார்கிறார்கள். சண்டை வராமல் இல்லை. வந்த சண்டை, தீ மூட்டும் நேரத்துக்குள் தீர்க்கப்படுகிறது. விழா முடிந்தபின் அந்தச் செங்கற்களை மாநகராட்சி திரட்டி, வீடற்றோருக்கு வீடு கட்டப் பயன்படுத்துகிறது.

பொங்காலையைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகள் பெண்ணியம், பக்தி, சமஸ்கிருதமயமாக்கம், ஊடகம், நகரமயம் என்று எல்லாவற்றையும் பேசுகின்றன. செங்கல்லைப் பேசுவதில்லை. யார் வைத்தார், எத்தனை நாள் முன்பு, யாருடைய வாசலில், யார் காவல், எந்தச் சொல்லால் அந்த உரிமை நிலைநாட்டப்பட்டது, எப்போது செல்லாமல் போயிற்று என்று கேட்ட களஆய்வுக் குறிப்பு அரிதினும் அரிது. இடத்தைப் பற்றிய கோட்பாடுகளை மேற்கோள் காட்டத் தெரிந்தவருக்கு இடம் பிடித்தவரிடம் பேசத் தோன்றுவதில்லை.

இதற்குக் கோட்பாட்டிலேயே ஒரு சாக்கு இருக்கிறது. திருவிழா என்று எழுதத் தொடங்கியதும் ஆய்வேட்டில் பக்தின் வந்துவிடுவார். களியாட்டத்தில் மேடையும் இல்லை, பார்வையாளரும் இல்லை, அதற்குள் அனைவரும் வாழ்கிறார்கள் என்பது அவர் கருத்து. இடைக்கால ஐரோப்பியச் சந்தைத் தெருவுக்கு அது பொருந்தியிருக்கலாம். காவல்துறை தடுப்பு வேலி, அடையாள அட்டை, வண்ணம் பிரித்த பாஸ், முன்வரிசைச் சோபா ஆகியவற்றோடு நடக்கும் ஓர் அரசு ஊர்வலத்தின்மேல் அதைப் போர்த்தினால், வேலி மறைந்துபோகிறது. 'மக்கள் பங்கேற்பு' என்ற ஒற்றைச் சொல்லில், சோபாவில் அமர்ந்தவரும் சுவரில் தொற்றியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். கோட்பாடு இங்கே செய்யும் வேலை, பந்தலுக்குத் திரைத்துணி தைக்கும் வேலை.

தமிழ் மரபில் நிற்பவர்க்கு இந்த மறதி இன்னும் பொருந்தாது. ஊர்வலத்தைப் பார்ப்பவர்களையே பாடுபொருளாக்கிய இலக்கிய வகை ஒன்று தமிழில் உண்டு. உலா என்ற அவ்வகையின் முதல் நூலாகிய திருக்கயிலாய ஞான உலாவைப் பாடியவர் சேரமான் பெருமாள் நாயனார், சேர நாட்டு அரசர். ஒட்டக்கூத்தரின் மூவருலா சோழர் மூவரின் பவனியைப் பாடியது. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் காண்கிறார்கள், மயங்குகிறார்கள். பார்ப்பவரை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரின் பார்வையையும் தனித்தனியே எழுதிய மரபு அது. ஆனால் அந்த வகைப்பாட்டில் வயது உண்டு, குடி இல்லை. பவனி வீதியில் நிற்க முடியாதவர் யார் என்பது உலாவில் இடம்பெறவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அரசவைப் புலவர் கேட்காத கேள்வியை இன்றைய ஆய்வாளரும் கேட்காவிட்டால், இடையில் நடந்த போராட்டங்களுக்கெல்லாம் என்ன பொருள்?

அந்தப் போராட்டங்கள் இந்தச் சாலையின் மேலேயே நின்றுகொண்டிருக்கின்றன. ஓணம் ஊர்வலம் புறப்படும் வெள்ளயம்பலத்தில் அய்யன்காளியின் சிலை உள்ளது. 1980-இல் இந்திரா காந்தி திறந்துவைத்தது. 1893-இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். அந்தச் சாலையில் நடப்பதற்கே அவருடைய மக்களுக்குத் தடை இருந்தது. 1924 மார்ச்சில் தொடங்கி 1925 நவம்பர் வரை நடந்த வைக்கம் போராட்டம் கோயில் கருவறைக்காக நடந்ததன்று. கோயிலைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில் எல்லோரும் நடப்பதற்காக நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்டதும் அதற்காகவே. 1936 நவம்பர் 12 அன்று வந்த ஆலயப் பிரவேச விளம்பரத்துக்கு முன், சாலையின் ஓரம் என்பதே இந்த மண்ணில் பிறப்பால் பங்கிடப்பட்டிருந்தது. யார் எங்கே நின்று எதைப் பார்க்கலாம் என்பது அற்பக் கேள்வியாக இங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

வெள்ளயம்பலத்துச் சிலையைக் கடந்து ஊர்வலம் பாளையத்தை அடைகிறது. விக்டோரியா ஜூபிலி நகர மண்டபமாக 1896-இல் கட்டப்பட்டு, 2019-இல் அய்யன்காளியின் பெயர் சூட்டப்பட்ட மண்டபம் அங்கே இருக்கிறது. ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியதும் அவர் குரல் எழுப்பியதும் அந்தக் கட்டடத்தோடு பிணைந்த வரலாறு. அதன் அருகே, பல்கலைக்கழகக் கல்லூரிக்கு முன்புறம், முக்கியப் பிரமுகர்களுக்கான பந்தல் எழும்புகிறது. அழைப்பிதழும் பாஸும் உள்ளவர் ஊர்வலம் வரும் நேரம் பார்த்து வந்து, பெயரொட்டிய நாற்காலியில் அமர்கிறார். காத்திருத்தல் அவருக்கு இல்லை. அவருடைய இடத்துக்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, நாற்காலியே சொல்லும்.

பந்தல் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை; ஊர்வலத்தையும் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. கலைக்குழுக்கள் பந்தலுக்கு முன்னால்தான் நிற்கின்றன. முழு ஆட்டம் அங்கேதான். மற்ற இடங்களில் இரண்டு அடி, ஒரு சுழற்சி, ஒரு கையசைப்பு, பின் நடை. பந்தலுக்கு முன் ஒரு குழு ஆடிக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் வருபவை தேங்கி நிற்கின்றன. அதைத் தாண்டிச் சென்றவை இடைவெளியை நிரப்ப ஓடுகின்றன. தெற்கே காத்திருப்பவருக்கு நீண்ட வெறுமையும் திடீர் நெருக்கடியும் மாறிமாறி வருவதன் காரணம் இது. பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நிகழ்ச்சி, சில பத்து மீட்டருக்காக நிகழ்கிறது, மீதியெல்லாம் வழி. அங்கே நின்றவர்கள் வழியில் நின்றவர்கள்.

பாதுகாப்பு என்ற பதில் உடனே வரும். ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் பாதுகாப்பான இருக்கை தேவை என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. அதற்கு வேண்டியவை சில நாற்காலிகள். அதிகாரிகளின் உறவினருக்கும் உறவினரின் நண்பருக்கும் எந்தக் கொலை மிரட்டலும் இல்லை. உண்மையான கட்டாயத்தால் வரும் கட்டுப்பாட்டை இந்த நகரம் நன்றாக அறியும். பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. 1932-இல் விமான நிலையம் வருவதற்கு முன்பே இருந்த வழி அது. அந்த நாள்களில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஓடுபாதைக்குள் அனுமதி பெற்றவர் மட்டுமே செல்கிறார். அந்தப் பாஸை எதிர்த்து யாரும் முழங்குவதில்லை, ஏனெனில் அதன் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வேலிக்கு வெளியே நிற்கும் பக்தரைவிட உள்ளே செல்பவர் உயர்ந்தவர் என்று அது சொல்வதில்லை. பாளையத்துப் பந்தல் அதைத்தான் சொல்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். காத்திருத்தலும் சமமானதன்று என்பது அது. 2022-இல், வெள்ளத்தாலும் பெருந்தொற்றாலும் பல ஆண்டு தடைப்பட்டிருந்த கொண்டாட்டங்கள் மீண்டபோது, ஊர்வல நாளில் பிற்பகல் 3 மணி முதல் நகரின் அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் விடுமுறை விடப்பட்டது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குபவருக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது. துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்கும் பொருந்தாது. ஓணக்காலம் அவருக்கு நீண்ட வேலைநாள். முதியவரும் மாற்றுத்திறனாளியும் மூன்று மணி நேரம் விளிம்புக் கல்லில் உட்கார முடியாது. ஆகவே முந்தியவருக்கே இடம் என்ற நியாயம், ஓய்வு உள்ளவருக்கே இடம் என்று முடியும் என்பார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லிப் பந்தலைக் காப்பவர், பந்தலுக்குள் மூட்டை இறக்குபவர் உட்கார்ந்திருப்பதைக் காட்ட வேண்டும். காட்ட முடியாது. காத்திருத்தலின் குறையைப் பாஸ் தீர்ப்பதில்லை. அதற்கு மேல் இன்னொரு குறையை ஏற்றுகிறது. மாறாக, துண்டு இந்தக் குறையை ஓரளவு தாங்குகிறது. வேலை முடிந்து ஆறு மணிக்கு வருபவருக்காக ஐந்து மணிக்கே வந்த தங்கை இடம் வைத்திருக்கிறாள். அதைத்தான் ஒழுங்கின்மை என்று இகழ்கிறார்கள். காத்திருக்க இயலாதவருக்காக இன்னொருவர் காத்திருக்கும் ஏற்பாட்டுக்கு வேறு பெயர் வைக்கத் தெரியாதவர்களுடைய இகழ்ச்சி அது.

உலகின் மற்ற ஊர்கள் இதை அற்பமாக எண்ணவில்லை. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் புத்தாண்டு நாளில் நடக்கும் ரோஜா அணிவகுப்புக்கு, டிசம்பர் 31 நண்பகலிலிருந்து நடைபாதையில் இடம் பிடிக்கலாம். இரவு 11 மணிக்குப் பின் சாலையில் வரையப்பட்ட நீலக்கோடு வரை முன்னேறலாம். நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா ஊர்வலங்களில் குழந்தைகளை உட்காரவைக்கும் ஏணி எத்தனை அடி உயரமோ, அத்தனை அடி விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்று விதி உண்டு. பின்னால் நிற்பவரின் கண்ணையும் ஏணி சாய்ந்தால் கீழே நிற்பவரின் தலையையும் நினைத்துப் போட்ட விதி. அந்த ஊர்களிலும் காசுக்கு இருக்கை விற்கிறார்கள். அவை பழுதற்ற முன்மாதிரிகள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடைபாதையில் துணி விரித்தவரை அங்கே நகராட்சி ஓர் உரிமைதாரராக நடத்துகிறது.

இதற்கு மறுமுனையில் இருப்பது கேளிக்கைப் பூங்கா. டோக்கியோ டிஸ்னிலாந்தில் அணிவகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்புதான் விரிப்புப் போட்டு இடம் பிடிக்கலாம் என்ற சமத்துவமான வழக்கம் நெடுங்காலம் பெயர்பெற்றது; இப்போது அங்கேயும் தனிக் கட்டணம் கொடுத்தவருக்குத் தனிப் பார்வையிடம் விற்கப்படுகிறது. அமெரிக்கப் பூங்காக்களில் உணவோடு சேர்த்துப் பார்வையிடமும் விற்பனைப் பொருள். அது தனியார் நிலம். நுழைவாயிலிலேயே காசு வாங்கிய இடம். அங்கே வணிகம் தன் பெயரிலேயே நடக்கிறது. மகாத்மா காந்தி சாலைக்கு நுழைவாயில் கிடையாது. சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் அரசு அந்தச் சாலையைப் பூங்காவாக நடத்தத் தொடங்கினால், குடிமக்கள் விருந்தினராகிறார்கள். அதிலும் அழைக்கப்படாத விருந்தினர். திருச்சூர் பூரத்தின் குடைமாற்றத்தைப் பந்தல் மறைக்கிறது என்ற முறையீடு கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றதை இங்கே நினைவுகூர வேண்டும். பார்வை மறைப்பு ஒரு வழக்குப் பொருளாக ஏற்கப்பட்டபின், அதை ஆய்வுப் பொருளாக ஏற்கப் பல்கலைக்கழகங்கள் தயங்குவானேன்?

தமிழ்நாடு இதில் பெருமை கொள்ள இடமில்லை. மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு 500 ரூபாய்ச் சீட்டும் 200 ரூபாய்ச் சீட்டும் உண்டு. 2022 ஏப்ரலில் கள்ளழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். இத்தகைய ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் கூட்டம் முண்டியடித்தது என்று எழுதப்படுகிறது. கூட்டத்துக்கு விடப்பட்ட இடம் எவ்வளவு, பாஸ் வைத்திருந்தவருக்கு விடப்பட்ட இடம் எவ்வளவு என்று யாரும் அளந்து எழுதுவதில்லை. அளப்பதற்குத் தேவை ஒரு நாடா மட்டுமே.

வேறொரு ஊர்வல முறையும் இரு மாநிலங்களுக்கும் பொதுவாக இருக்கிறது. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலம், களியக்காவிளையில் எல்லை கடந்து நாள்கணக்கில் நடக்கிறது. அதில் பெரும்பாலான வழிக்குப் பந்தல் என்ற பேச்சே இல்லை. விளக்கேற்றி, பூவும் பழமும் வைத்த தட்டோடு அவரவர் வாசலில் அவரவர் நிற்கிறார்கள். ஊர்வலம் நீண்டு மெதுவாகச் செல்வதால் நெருக்கடியும் பரவிவிடுகிறது. நகருக்குள் நுழைந்து முக்கியஸ்தர்களின் வரவேற்பு தொடங்கும்போதுதான் முன்வரிசை என்ற ஒன்று உருவாகிறது.

ஓணம் ஊர்வலப் பாதையில் தலைமைச் செயலகத்தின் நடைபாதையும் வருகிறது. அங்கே இடம் பிடித்திருப்பது பார்ப்பதற்காக மட்டும் அன்று. 2025 பிப்ரவரி 10 முதல் ஆஷா பணியாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு அங்கே மாதக்கணக்கில் அமர்ந்திருந்தனர். மார்ச் 13 பொங்காலை நாளில் போராட்டக் களத்திலேயே அடுப்பு மூட்டினர். மழைக்குக் கட்டிய தார்ப்பாயைக் காவல்துறை அகற்றியது செய்தியாயிற்று. செப்டம்பரில் ஊர்வலத்துக்காக அதே சாலையில் பந்தல்கள் எழுந்தன. பொதுச் சாலையில் கூரை போடலாமா என்ற கேள்விக்கு அரசிடம் இரண்டு விடைகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை ஆய்வாளர்களே எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பாளையத்துப் பந்தலில் பாதுகாப்புக்குத் தேவையான நாற்காலிகள் போக மீதியை மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும், பரிந்துரைக் கடிதம் கேட்காமல், வந்த வரிசையில் கொடுக்கலாம். கலைக்குழுக்கள் நின்று ஆடும் இடங்களைப் பாதை நெடுக ஐந்தாறாகப் பிரித்து முன்கூட்டியே அறிவிக்கலாம். விடுமுறை அறிவிப்பைக் கடைப் பணியாளர்களுக்கும் நீட்டிக்கத் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். கழிப்பறையும் குடிநீரும் பந்தலுக்குப் பின்னால் இருப்பதுபோல் கிழக்கேகோட்டை வரை இருக்கலாம். அவை இருந்தால் துண்டு போட்டுவிட்டுப் போகும் பெண்களின் எண்ணிக்கையே பாதியாகக் குறையும்.

ஆய்வாளருக்கு மிஞ்சியுள்ள வேலை இன்னும் எளிது. அடுத்த ஓணத்துக்குக் களஆய்வுக்குச் செல்லும் மாணவர், துறைத்தலைவர் வாங்கித் தரும் பாஸை மறுத்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு ஆயுர்வேதக் கல்லூரிச் சந்திப்பில் நடைபாதை விளிம்பில் உட்காரட்டும். பக்கத்தில் இருப்பவர் எப்போது வந்தார், யாருக்கெல்லாம் இடம் வைத்திருக்கிறார், அதை யார் ஒப்புக்கொண்டார், முதல் ஊர்தி எத்தனை மணிக்கு வந்தது, கண்ணுக்கு எது தெரிந்தது, எது மறைந்தது என்று குறிக்கட்டும். தண்ணீர் வாங்க எழும்போது துண்டைப் போட மறக்க வேண்டாம்.